ஒளியால் முடுக்கும் ஆன்டிபயாட்டிக்கா, சாயமும் ஒளியும் சேர்ந்த சிகிச்சையா? மருந்து எதிர்ப்புக்கு எதிரான வழிகளை எடைபோடுதல்

சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை விழுங்கும் ஒருவரின் உடல், அம்மருந்தில் 40 முதல் 50 சதவீதத்தைச் சிறிதும் மாற்றாமல் சிறுநீரோடு வெளியேற்றிவிடுகிறது. நோயாளிக்கு அத்துடன் மருந்தின் வேலை முடிந்துவிட்டாலும், கழிவுநீர்க் குழாயிலும், சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றிலும், அந்தச் சேறு உரமாகக் கொட்டப்படும் வயலிலும் அது நுண்ணிய அளவில் தொடர்ந்து வேலை செய்து, தன்னைத் தாங்கிப் பிழைக்கக்கூடிய பாக்டீரியாக்களுக்கே வாழ்வளித்து மருந்து எதிர்ப்பை வளர்க்கிறது. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில், 2016-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பென் ஃபெரிங்காவின் குழு முன்வைத்த 'ஒளியால் கட்டுப்படும் ஆன்டிபயாட்டிக்' என்னும் கருத்து இந்தச் சிக்கலைத்தான் குறிவைக்கிறது. தொற்றுள்ள இடத்தில் ஒளி பாய்ச்சினால் மட்டும் மருந்து விழித்துக்கொள்ள வேண்டும், உடலைவிட்டு வெளியேறும்போது அது தானாகவே செயலிழந்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

இக்கருத்தைப் பற்றிய செய்திகளில் ஒளியைப் பயன்படுத்தும் எல்லா முறைகளும் ஒரே பெயரின்கீழ் கலந்துவிடுகின்றன. உண்மையில் முன்னால் இருப்பவை நான்கு தனித்தனி வழிகள்: ஒளியால் முன்னும் பின்னும் மாறும் சுவிட்ச் மருந்து, ஒளியால் ஒருமுறை மட்டும் திறக்கும் மூடியிட்ட மருந்து, சாயத்தையும் ஒளியையும் சேர்த்துப் பயன்படுத்தும் ஒளியியக்கச் சிகிச்சை, மருந்தே இல்லாமல் நீல ஒளியை மட்டும் செலுத்தும் முறை. ஓர் ஆராய்ச்சி நிதிக்குழு எதற்குப் பணம் ஒதுக்குவது என்றும், ஒரு மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு எதை நடைமுறைக்குக் கொண்டுவருவது என்றும் தீர்மானிக்க நேர்ந்தால், இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் நல்ல முடிவுக்கு வர முடியாது. புதிய எதிர்ப்பு உருவாவதைத் தாமதப்படுத்துவது ஒரு வேலை, ஏற்கெனவே எதிர்ப்புப் பெற்றுவிட்ட பாக்டீரியாவைக் கொல்வது வேறொரு வேலை. ஒன்றின் வாக்குறுதியைக் காட்டி மற்றொன்றுக்குப் பணம் கேட்பது இத்துறையில் அடிக்கடி நடக்கிறது என்பது என் கவலை.

சிக்கலின் அளவைக் குறித்துச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2019-ஆம் ஆண்டில் மருந்து எதிர்ப்பே நேரடிக் காரணமாக அமைந்த மரணங்கள் உலகளவில் 12.7 லட்சம் என்றும், அதோடு தொடர்புடைய மரணங்கள் 49.5 லட்சம் என்றும் 2022-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அந்த நேரடி மரணங்களில் ஏறத்தாழ 79 சதவீதம் நுரையீரல் தொற்று, இரத்தத் தொற்று, வயிற்றறைத் தொற்று ஆகிய மூன்றால் நிகழ்ந்தவை என்ற கணக்கும் அதே ஆய்வில் உள்ளது. இந்த மூன்றும் உடலின் ஆழத்தில் இருக்கும் தொற்றுகள் என்பதை, ஒளியைப் பற்றிப் பேசும் யாரும் மறக்கக்கூடாது.

முதலில் சுவிட்ச் மருந்து. குரோனிங்கன் குழுவினர் 2013-இல், சிப்ரோஃப்ளாக்சசின் சேர்ந்த குடும்பமான குயினோலோன் வகை மருந்தின் மூலக்கூறோடு அசோபென்சீன் என்ற பகுதியை இணைத்தனர். இரண்டு பென்சீன் வளையங்கள் இரு நைட்ரஜன் அணுக்களின் இரட்டைப் பிணைப்பால் கோக்கப்பட்ட அமைப்பு அது. வழக்கமான நிலையில் முழங்கையை நீட்டிய கைபோல் நேராக இருக்கும் அம்மூலக்கூறு, 365 நானோமீட்டர் புறஊதா ஒளி பட்டதும் மடங்கிக்கொள்கிறது. மடங்கிய வடிவம் பாக்டீரியாவின் வளர்ச்சியைக் கூடுதலாகத் தடுக்கிறது. பின்னர் வெப்பத்தாலேயே சில மணி நேரத்தில் பழைய வடிவத்துக்குத் திரும்பி வலுவிழக்கிறது. மருந்து பூசிய தட்டின் மேல் மறைப்பு ஒன்றை வைத்து ஒளி பாய்ச்சியபோது, ஒளி பட்ட பகுதியில் மட்டும் பாக்டீரியா வளராமல் போனதை அவர்கள் காட்டினர். ஆனால் புறஊதா ஒளி தோலில் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்குவதில்லை, செல்களுக்கும் கேடு செய்கிறது. ஆகவே 2017-இல் அதே பல்கலைக்கழகத்தினர் டிரைமெத்தோபிரிம் என்ற ஆன்டிபயாட்டிக்கை அடிப்படையாகக் கொண்டு, 652 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் விழிக்கும் மூலக்கூறு ஒன்றை உருவாக்கினர். ஒளிக்கு முன்னும் பின்னும் அதன் வீரியத்தில் குறைந்தது எட்டு மடங்கு வேறுபாடு இருந்தது.

இவ்வழியின் உண்மையான பலம் புண்ணை ஆற்றுவதில் இல்லை, மருந்தின் வாழ்க்கை முழுவதையும் கணக்கில் எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. ஹைதராபாத்துக்கு அருகே பட்டஞ்செருவில், சுமார் 90 மருந்து உற்பத்தியாளர்களின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நிலையத்தின் நீரில் ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோவாகிம் லார்சனும் அவருடைய சகாக்களும் 2007-இல் அறிவித்தனர். ஒரே நாளில் வெளியேறிய அளவு சுமார் 45 கிலோகிராம். ஸ்வீடன் நாடு முழுவதும் ஐந்து நாட்களில் உட்கொள்ளும் அளவுக்கு அது சமம். செயலிழந்த நிலையிலேயே தொழிற்சாலையில் உருவாகி, செயலிழந்த நிலையிலேயே நோயாளியிடமிருந்து வெளியேறும் ஒரு மருந்து கிடைத்தால், உற்பத்தி, பயன்பாடு, கழிவு ஆகிய மூன்று கட்டங்களிலும் பாக்டீரியாவின் மீதுள்ள அழுத்தம் குறையும். குடலிலும் தோலிலும் இயல்பாக வாழும் நல்ல பாக்டீரியாக்களும் அந்த அளவுக்குக் காப்பாற்றப்படும். நான்கு வழிகளில் இந்த நோக்கத்தை நேராகத் தொடுவது இது ஒன்றே என்பதால்தான் இதன் குறைகளை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எட்டு மடங்கு வேறுபாடு என்பது ஆய்வகத்தில் அழகான முடிவு. ஆற்று நீரில் அது போதுமா என்பதே கேள்வி. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் டான் ஆண்டர்சனின் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வு, வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்சச் செறிவில் நான்கில் ஒரு பங்கிலிருந்து, சில சந்தர்ப்பங்களில் 200-இல் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும் மருந்தளவுகூட, எதிர்ப்புள்ள பாக்டீரியாக்களை முந்தச் செய்துவிடும் என்று காட்டியது. அந்த மிகக் குறைந்த அளவு சிப்ரோஃப்ளாக்சசினுக்கே பொருந்தியது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சாக்கடையில் ஒரு மருந்தின் செறிவு தடுப்புச் செறிவில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், செயலிழந்த வடிவம் எட்டு மடங்கு வலுக் குறைந்ததாக இருக்கும்போது அதன் விளைவு எண்பதில் ஒரு பங்குக்கு இறங்குகிறது. 200-இல் ஒரு பங்குவரை எதிர்ப்பைத் தேர்ந்தெடுக்கக்கூடிய மருந்துக்கு அந்த எண்பதில் ஒரு பங்கும் அபாய எல்லைக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே 'செயலிழந்தது' என்ற சொல்லை நம்பி முடிவெடுக்கக் கூடாது. எத்தனை மடங்கு செயலிழந்தது என்று கேட்க வேண்டும். அசோபென்சீன் மருந்துகளின்மீது பகல் வெளிச்சம் பட்டால் இரண்டு வடிவங்களும் கலந்த ஒரு நிலையே நீடிக்கும் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஆறும் ஏரியும் இருட்டறைகள் அல்ல.

இன்னொரு குறை மருந்தியல் வரலாற்றிலிருந்தே தெரிய வருவது. கெர்ஹார்ட் டோமாக் கண்டறிந்து, 1935-இல் உலகறிந்த புரோன்டோசில், பாக்டீரியாவுக்கு எதிரான சல்ஃபா மருந்துகளில் முதலாவது. அது அசோபென்சீனில் உள்ளதைப் போன்ற நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பைக் கொண்ட ஓர் அசோ சாயம். சோதனைக் குழாயில் அது பாக்டீரியாவை ஒன்றும் செய்யவில்லை, உடலுக்குள் மட்டும் வேலை செய்தது. உடலில் அதன் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு உடைந்து சல்ஃபானிலமைடு விடுபடுவதே காரணம் என்று பாரீஸின் பாஸ்டர் நிறுவனத்தினர் விளக்கினர். குடற்புண் அழற்சிக்கு இன்றும் தரப்படும் சல்ஃபாசலசினும் பெருங்குடல் பாக்டீரியாக்களின் நொதிகளால் இதே பிணைப்பு உடைபட்டுத்தான் செயல்படுகிறது. அப்படியானால், வாய்வழி உட்கொள்ளப்படும் அசோபென்சீன் சுவிட்ச் மருந்து குடலைக் கடக்கும்போது சுவிட்சாகவே நீடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உடைந்து வரும் அரோமாட்டிக் அமீன்களில் சில நச்சுத்தன்மை கொண்டவை. குளோரின் போன்ற அணுக்களைச் சேர்ப்பதால் பிணைப்பின் உறுதி மாறுபடுகிறது என்றாலும், ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இதைத் தனியாகச் சோதித்தே ஆக வேண்டும்.

மூன்றாவது குறையாக, சுவிட்ச் மருந்து தாக்கும் இலக்கு பழைய மருந்தின் இலக்கேதான். டிரைமெத்தோபிரிமுக்கு எதிராகத் தன் நொதியை மாற்றிக்கொண்ட பாக்டீரியா, அதே நொதியைக் குறிவைக்கும் ஒளிச் சுவிட்ச் வடிவத்தையும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆக, இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசிக்கட்ட ஆன்டிபயாட்டிக்கான கார்பபெனெமுக்கும் அடங்காத கிளெப்சியெல்லா பாக்டீரியாவோடு போராடும் மருத்துவருக்கு இவ்வழி எந்த ஆயுதத்தையும் தருவதில்லை. அடுத்த தலைமுறைக்கு மருந்துகளை மிச்சம் வைக்கும் முயற்சியாகவே இதைக் காண வேண்டும். அது சிறிய காரியம் அல்ல என்றே நான் கருதுகிறேன்.

நடைமுறைத் தடைகளும் உண்டு. சிவப்பு ஒளி திசுவுக்குள் சில மில்லிமீட்டர் வரை பயனுள்ள அளவில் இறங்கும். நுரையீரலின் ஆழத்துக்கோ இரத்தத்தில் சுற்றும் பாக்டீரியாவுக்கோ அது எட்டாது, இழை வழியாக ஒளியை உள்ளே கொண்டுசெல்ல முடிகிற சிறுநீர்ப்பை போன்ற இடங்கள் விதிவிலக்கு. சிவப்பு ஒளியில் விழிக்கும் மருந்து வார்டின் சாதாரண விளக்கிலும் ஓரளவு விழிக்கும் என்பதால், ஒளியில் கெட்டுப்போகும் இரத்த அழுத்த மருந்தான நைட்ரோபுருசைடை ஏற்றும்போது பாட்டிலையும் குழாயையும் மறைத்து வைப்பதுபோல் இங்கும் செய்ய வேண்டிவரும். ஒப்புதல் பெறும்போது மருந்து ஒன்று, ஒளிக்கருவி ஒன்று என இரண்டையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

அசோபென்சீன் அல்லாத சுவிட்சுகளும் உள்ளன. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்து ஆய்வாளர்களும் உக்ரைனின் கீவ் நகரத்து ஆய்வாளர்களும் சேர்ந்து 2014-இல் கிராமிசிடின் எஸ் என்ற பெப்டைடு ஆன்டிபயாட்டிக்கின் வளையத்துக்குள் ஒளியால் வடிவம் மாறும் டையாரிலெத்தீன் என்னும் பகுதியைப் பொருத்தினர். இதன் இரண்டு வடிவங்களும் இருட்டில் நிலைத்து நிற்கின்றன. சிகிச்சை நேரம் முழுவதும் வீரியம் குறையாது என்பது இதனால் வரும் நன்மை. வெளியேறிய பிறகு தானாக அணைவதில்லை என்பது இழப்பு. அசோபென்சீனின் பலமும் பலவீனமும் இங்கே இடம் மாறுகின்றன. சுற்றுச்சூழல் பயனுக்காகப் பணம் ஒதுக்குபவர் இந்த வேறுபாட்டை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே தேட வேண்டும்.

மூடியிட்ட மருந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பென்சிலின் அல்லது ஃப்ளோரோகுயினோலோன் (சிப்ரோஃப்ளாக்சசின் வகை) மூலக்கூறின் முக்கியமான இடத்தில் கூமரின் போன்ற ஓர் அணுக்குழுவை ஒட்டி அதை முடக்கிவைத்து, ஒளி பட்டதும் அக்குழு அறுந்து மருந்து விடுபடும்படி செய்வது இம்முறை. வேதியியல் எளிது, விடுபடுவது நன்கறிந்த பழைய மருந்தே என்பதால் அதன் நடத்தை முன்கூட்டியே தெரியும், மூடிய நிலைக்கும் திறந்த நிலைக்கும் இடையிலான வீரிய வேறுபாடும் சுவிட்ச் மருந்தைவிடப் பெரிதாக இருக்க வாய்ப்புண்டு. ஆயினும் திறந்தது மீண்டும் மூடாது. திறக்காமல் வெளியேறிய பகுதியையும் ஆற்றின் மேல் விழும் வெயில் திறந்துவிடக்கூடும். ஒரு புண்ணில் மிகச் சிறிய அளவு மருந்தை மட்டும் விடுவிக்க இது உதவலாம், சுற்றுச்சூழல் வாதத்தை இதன்மேல் ஏற்ற முடியாது.

இனி ஒளியியக்கச் சிகிச்சை. 1900-ஆம் ஆண்டு மியூனிக்கில் ஹெர்மன் ஃபான் டாப்பைனரின் மாணவரான ஆஸ்கர் ராப், அக்ரிடின் சாயமும் ஒளியும் சேர்ந்தால் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிர் மடிவதை அறிவித்தார். தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக நீல்ஸ் ஃபின்சன் 1903-இல் நோபல் பரிசு பெற்றார். பென்சிலின் வந்த பிறகு இந்தப் பாதை ஒதுங்கிப்போனது. இதன் இயக்கம் முற்றிலும் வேறு. மெத்திலீன் புளூ போன்ற சாயம் ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்க, சிங்கிலெட் ஆக்சிஜன் என்னும் வினைத்திறன் மிகுந்த வடிவம் உருவாகிறது. நீரில் சில மைக்ரோ நொடிகளே வாழும் அது, தான் தோன்றிய இடத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு, புரதம், மரபணு எல்லாவற்றையும் ஒருசேரச் சிதைக்கிறது. தாக்கப்படுவது ஒரு நொதி மட்டும் அல்ல என்பதால், ஒரு மரபணு மாற்றத்தால் பாக்டீரியா இதிலிருந்து தப்புவது மிகக் கடினம். மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவும் அடங்கும் ஸ்டஃபிலோகாக்கஸும் இதற்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இலக்காகின்றன.

இதற்கு மருத்துவமனை அனுபவமும் இருக்கிறது. கனடாவின் வான்கூவர் பொது மருத்துவமனையில், அறுவைக்கு முன் நோயாளியின் மூக்கினுள் மெத்திலீன் புளூவைத் தடவிச் சிவப்பு ஒளி செலுத்தி, உடலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைத்தனர். சுமார் 3,000 நோயாளிகளைக் கொண்டு 2014-இல் வெளியான அறிக்கையின்படி, அறுவை இடத்துத் தொற்று முந்தைய ஆண்டுகளின் 2.7 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த குழுக்களின் ஒப்பீடு அல்ல, முந்தைய ஆண்டுகளோடு செய்த ஒப்பீடு. குளோர்ஹெக்சிடினின் பங்கையும் ஒளியின் பங்கையும் அது பிரித்துக் காட்டவில்லை. இருந்தும் முடிவெடுப்பவருக்கு இது முக்கியமானது, ஏனெனில் மூக்கிலுள்ள ஸ்டஃபிலோகாக்கஸை அகற்ற வழக்கமாகப் பயன்படும் மியூபிரோசின் களிம்பும் ஓர் ஆன்டிபயாட்டிக்தான், அதற்கும் எதிர்ப்பு வளர்ந்துகொண்டிருக்கிறது. தடுப்பு நடவடிக்கை ஒன்றில் ஓர் ஆன்டிபயாட்டிக்கின் இடத்தில் சாயத்தையும் ஒளியையும் வைக்க முடிந்தால், அந்த அளவுக்கு அந்த மருந்து மிச்சமாகிறது. ஈறு நோய்க்கும் பல் மருத்துவர்கள் இம்முறையைத் துணையாகப் பயன்படுத்தி வருகின்றனர்.

குறைகள் இங்கும் வெளிப்படையானவை. சிங்கிலெட் ஆக்சிஜன் பாக்டீரியாவையும் நோயாளியின் செல்லையும் பிரித்தறியாது என்பதால் சாயத்தின் அளவும் ஒளியின் அளவும் குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். இரட்டைச் சவ்வு கொண்ட கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு நேர்மின்னூட்டமுள்ள சாயங்கள் தேவைப்படுகின்றன. சீழ் நிறைந்த, ஆக்சிஜன் குறைந்த ஆழமான புண்ணில் விளைவு குறைகிறது. விளக்கை அணைத்தவுடன் சிகிச்சையும் நின்றுவிடுவதால் எஞ்சிய பாக்டீரியாக்கள் மீண்டும் பெருகலாம். மூக்கு, ஈறு, தோல், புண் எனக் கையும் ஒளியும் எட்டும் இடங்களில்தான் இது செல்லும், மரணங்களில் பெரும்பங்கு வகிக்கும் ஆழ்தொற்றுகளில் அல்ல. ஆனால் அறுவை இடத்துத் தொற்று ஒன்றைத் தவிர்த்தால், அதைத் தொடர்ந்து வந்திருக்கக்கூடிய இரத்தத் தொற்றும் தவிர்க்கப்படுகிறது.

நீல ஒளி முறை 405 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை மட்டும் பயன்படுத்தி, பாக்டீரியா தானே உற்பத்தி செய்யும், ஒளியை உறிஞ்சும் போர்ஃபைரின்களைச் சாயத்தின் இடத்தில் நிறுத்துகிறது. முகப்பருவில் இது ஏற்கெனவே பயன்படுகிறது. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் உருவான இத்தகைய விளக்கு, கிளாஸ்கோவின் தீக்காயப் பிரிவில் அறைகளின் மேற்பரப்பில் பாக்டீரியாவைக் குறைத்தது. வேகம் குறைவு, இனத்துக்கு இனம் வேறுபாடு அதிகம். சுவரையும் கட்டிலையும் சுத்தமாக வைக்க இதை நான் பரிந்துரைப்பேன், புண்ணுக்கு முதல் தேர்வாக அல்ல.

இவற்றை எடைபோட்டால், மருத்துவமனைக் குழுவும் நிதிக்குழுவும் வெவ்வேறு முடிவுக்கு வருவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. மருத்துவமனைக்கு நான் சொல்வது ஒளியியக்கச் சிகிச்சையை: அதுவும் அறுவைக்கு முந்தைய மூக்குத் தூய்மைக்கு, மியூபிரோசினோடு நேருக்கு நேர் வைத்து, குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சோதிக்கும் ஏற்பாட்டோடு. மெத்திலீன் புளூ விலை குறைந்தது, நூறாண்டுக்கு மேல் மருத்துவத்தில் பழகியது. சிவப்பு எல்இடி விளக்கும் எட்டாத பொருள் அல்ல. சிவப்பு ஒளியில் இயங்கும் சுவிட்ச் மருந்துக்காக ஒரு மருத்துவமனை காத்திருப்பதில் பொருளில்லை.

நிதிக்குழு எதிர்நோக்கும் தேர்வு கடினமானது. பட்டஞ்செருவில் நடந்ததைப் போன்ற மாசுக்கு, தொழிற்சாலை வாயிலிலேயே கழிவைச் சுத்திகரிப்பது எந்தப் புதிய மூலக்கூறையும்விட விரைவான தீர்வு; உலக சுகாதார நிறுவனமும் 2024 செப்டம்பரில் ஆன்டிபயாட்டிக் உற்பத்திக் கழிவுக்கென வழிகாட்டுதலை வெளியிட்டிருக்கிறது. அந்தப் பணத்தைத் திருப்பிச் சுவிட்ச் மருந்துக்குக் கொடுப்பதை என்னால் நியாயப்படுத்த முடியாது. ஆனால் நோயாளியின் சிறுநீர் வழியே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியேறும் மருந்தை எந்தத் தொழிற்சாலைச் சட்டமும் பிடிக்காது. அங்கேதான் தானாக அணையும் மருந்துக்கு மாற்று இல்லை. ஆகவே நீண்டகால அடிப்படை ஆராய்ச்சிக்கான ஒதுக்கீட்டில் அதற்கு நிலையான ஓர் இடம் தரப்பட வேண்டும் என்பதே என் முடிவு. எந்த மருந்துக் குடும்பத்தில் இதைச் செய்வது என்பதும் முக்கியம்: பென்சிலின் வகைகள் சுற்றுச்சூழலில் எளிதாகச் சிதைந்துவிடுகின்றன, ஃப்ளோரோகுயினோலோன்களோ சேற்றிலும் மண்ணிலும் இறுகப் பற்றிக்கொண்டு வெயில் படாமல் நெடுநாள் நீடிக்கின்றன. உழைப்பு முதலில் செல்ல வேண்டியது பின்னவற்றுக்கே.

அவ்வாறு பணம் கேட்டு வரும் விண்ணப்பத்தில் மூன்று அளவீடுகள் இருந்தாக வேண்டும். அணைந்த வடிவம் எதிர்ப்பைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கும் மிகக் குறைந்த செறிவு என்ன, அது அம்மருந்து கழிவுநீரில் எதிர்பார்க்கப்படும் செறிவுக்கு மேலே இருக்கிறதா என்பது முதலாவது. குடல் பாக்டீரியாக்களோடு வைத்திருந்தபோது அசோ பிணைப்பு எவ்வளவு உடைந்தது, உடைந்து வந்தவை யாவை என்பது இரண்டாவது. உண்மையான சுத்திகரிப்பு நிலையத்துச் சேற்றில், பகலும் இரவும் மாறிவரும் ஒளியில், இரண்டு வடிவங்களின் விகிதம் எங்கே நிலைகொள்கிறது என்பது மூன்றாவது. இவற்றில் எதையும் பாக்டீரியா வளர்க்கும் பெட்ரித் தட்டில் விழும் ஒளிப் படிமத்தைக் கொண்டு ஈடுசெய்ய முடியாது.